தறி நாடாவும் இப்னு ஸீனாவும்: கை விட்ட பின் ஓட வைப்பது எது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் திரும்பத் திரும்ப வந்து கொண்டிருக்கிறது. தலைப்பாகை கட்டிய ஓர் அறிஞரின் உருவம். அதன் கீழே, இயக்க விதிகளைக் கண்டுபிடித்தவர் நியூற்றன் அல்ல, இப்னு ஸீனாதான், மேற்குலகம் அதை நம்மிடமிருந்து திருடிவிட்டது என்ற கருத்தில் நான்கு வரிகள். யார் எழுதியது, எந்த நூலில் இருக்கிறது என்ற விபரம் எதுவும் இல்லை.

பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கொண்டுவந்து காட்டி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற இன்னொருவன் சிரித்தான். "எல்லாத்தையும் நாமதான் கண்டுபிடிச்சோமாம். அப்ப ஏன் சேர் புத்தகத்துல எங்கட ஆள் ஒருவர்ர பேரும் இல்ல?"

இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. முதலாமவனுக்கு "ஆம்" என்றாலும் பிழை, இரண்டாமவனுடைய சிரிப்புக்குத் தலையாட்டினாலும் பிழை. அதனால்தான் இந்தப் பதிவு. இதைப் புத்தகத்திலிருந்து தொடங்காமல் மருதமுனைத் தறியிலிருந்து தொடங்குவோம்.

1. தறியில் ஒரு கேள்வி

மருதமுனையின் கைத்தறியை நமது பகுதியில் அறியாதவர் இல்லை. சாரனும் சேலையும் நெய்த தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோன போது தறிகளும் போயின. அதன் பிறகும் அந்தத் தொழிலை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கும் குடும்பங்கள் உள்ளன. அல்ஹம்துலில்லாஹ்.

தறியில் பாவு நூல் நீளமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மிதிப்பலகையை மிதித்ததும் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அந்த வாய்க்குள்ளால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவதுதான் நாடா. படகு போன்ற வடிவம், இரு முனையிலும் கூர். நெசவாளர் தலைக்கு நேரே தொங்கும் கயிற்றை வெட்டி இழுப்பார். பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கட்டை நாடாவைத் தட்டும். அவ்வளவுதான். மிச்சத் தூரத்தை நாடா தானாகவே ஓடி மறுபக்கப் பெட்டிக்குள் போய் நிற்கும்.

பெரிய பாடம் இருப்பது இங்கேதான். தட்டிய கட்டை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கயிறும் தளர்ந்துவிட்டது. நாடாவைத் தொடுகிற கை ஒன்றும் இல்லை. அப்படியானால் பாவின் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் நாடாவை ஓட வைப்பது எது?

நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் ஒரு தறியை வரைந்து, நாடாவைச் சரியாக நடுவில் வைத்து, அதன் மேல் தாக்கும் விசைகளை அம்புக்குறியால் காட்டச் சொன்னோம். பெரும்பாலான பிள்ளைகள் நாடா போகும் திசையில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டார்கள். "தட்டிய விசை சேர், அது உள்ளுக்கு இருக்கு" என்றார்கள்.

அந்த அம்புக்குறி பிழை. சாதாரண தரப் பரீட்சையில் போட்டாலும் பிழைதான். ஆனால் அது முட்டாள்தனமான பிழை அல்ல. மனித குலத்தின் மிகப் பெரிய மூளைகள் பல நூற்றாண்டுகளாகப் போட்டுவந்த அம்புக்குறி அது. இப்னு ஸீனாவின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

2. காற்றா தள்ளுகிறது?

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், அசையும் எதையும் வேறொன்று அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மாட்டுவண்டியைப் பார்த்தால் அது சரி போலவே தோன்றும். மாடு நின்றால் வண்டி நிற்கும். எறிந்த கல் மட்டும் அவருக்குச் சிக்கல் கொடுத்தது. கை விட்ட பிறகும் அது போகிறதே! கையானது காற்றையும் சேர்த்து அசைக்கிறது, அந்தக் காற்றுதான் கல்லைத் தொடர்ந்து கொண்டுபோகிறது என்று அவர் விளக்கம் சொன்னார்.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் பிலோபொனஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதை மறுத்தார். அரபு நூல்களில் இவரது பெயர் யஹ்யா அந்நஹ்வி. காற்றுதான் தள்ளுகிறது என்றால் கல்லைத் தொடாமல் பின்னால் காற்றை மட்டும் விசிறிவிட்டு அதை ஓட வைக்கலாமே, முடியவில்லையே என்பது அவர் வாதம். எறிபவர் பொருளுக்குள்ளேயே ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்றார்.

அவரது எழுத்துக்கள் சில அரபியில் மொழிபெயர்க்கப்பட்டன. கேள்வி நம்மவர்கள் கைக்கு வந்தது.

3. இப்னு ஸீனா சொன்னதும் சொல்லாததும்

இப்னு ஸீனா 980ஆம் ஆண்டு புகாராவுக்கு அருகில் பிறந்து, 1037இல் (ஹிஜ்ரி 428) ஹமதானில் காலமானவர். மருத்துவ நூலான 'அல்-கானூன்' மூலம் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். இயக்கம் பற்றி அவர் பேசுவது 'கிதாபுஷ் ஷிஃபா' என்ற வேறொரு பெரிய நூலில். பெயரைப் பார்த்து மருத்துவ நூல் என்று எண்ணிவிடக் கூடாது. அது தர்க்கம், இயற்கை, கணிதம், இறையியல் எல்லாம் அடங்கிய தத்துவக் களஞ்சியம்.

அதில் அவர் எறிந்த பொருளைப் பற்றிய பழைய விளக்கங்களை எடுத்து அலசுகிறார். காற்றுத் தள்ளுகிறது என்பதை ஏற்கவில்லை. எறிபவரிடமிருந்து பொருள் ஒரு 'மைல்' பெறுகிறது என்கிறார். அரபியில் இச்சொல்லுக்குச் சாய்வு, நாட்டம் என்று பொருள். தூரத்தை அளக்கும் மைலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அவர் வைத்த அடி மிகப் பெரியது. இந்த மைல் தானாகத் தேய்ந்து போகாது, காற்றுப் போன்ற ஒரு தடைதான் அதைக் கரைக்கிறது என்றார். அப்படியானால், தடையே இல்லாத வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்துக்கு வந்து நின்ற ஒரு மூளையை நினைத்துப் பாருங்கள். நமது பிள்ளைகள் படிக்கும் முதலாம் விதியின் வாசற்படி இது.

ஆனால் அவர் அந்த வாசலுக்குள் போகவில்லை. நிற்காமல் ஓடும் பொருளை நாம் எங்கும் காண்பதில்லை, ஆகவே வெற்றிடம் என்று ஒன்று இருக்க முடியாது என்று அந்த வாதத்தை முடித்தார். நியூற்றனின் பாதைக்குத் திறவுகோலாக இருந்திருக்கக்கூடிய முடிவு, அவர் கையில் வெற்றிடத்தை மறுக்கும் ஆதாரமாகப் பயன்பட்டது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இப்னு ஸீனாவின் மைல், பொருளுக்குள் இருந்துகொண்டு அதை ஓட வைக்கும் ஒரு காரணம். நியூற்றனுக்கோ சீரான ஓட்டத்துக்குக் காரணமே தேவையில்லை. ஓட்டம் மாறுவதற்குத்தான் காரணம் வேண்டும். நமது பிள்ளைகள் நாடாவின் மேல் போட்ட அம்புக்குறி கிட்டத்தட்ட இப்னு ஸீனாவின் மைல்தான். "இப்னு ஸீனா சொன்னதும் நியூற்றன் சொன்னதும் ஒன்றுதான்" என்று நாம் பகிர்ந்தால், நமது பிள்ளைக்கு அந்தப் பிழையான அம்புக்குறியைச் சரி என்று கற்றுக் கொடுத்தவர்களாக ஆகிவிடுவோம். பெருமை என்று நினைத்து அனுப்பிய படம் பரீட்சைத் தாளில் புள்ளியைக் குறைக்கும்.

4. பக்தாதிலிருந்து பாரிஸ் வரை

இந்தக் கதை ஒரே நேர்கோட்டில் முன்னேறவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், 'கிதாபுல் முஃதபர்' என்ற நூலை எழுதினார். யூதராகப் பிறந்து முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். மைல் தானாகத் தேயாது என்ற இப்னு ஸீனாவின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அது ஓட ஓடத் தானே குறையும் என்றார். இந்த இடத்தில் இப்னு ஸீனாதான் இன்றைய விஞ்ஞானத்துக்குக் கிட்ட நிற்கிறார்.

ஆனால் வேறோர் இடத்தில் அபுல் பரகாத் முந்திவிட்டார். விழும் பொருள் ஏன் போகப் போக வேகமாகிறது? பாரம் ஒவ்வொரு கணமும் புதிது புதிதாக மைலைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் விளக்கம். விடாமல் தாக்கும் விசை வேகத்தை மட்டும் தருவதில்லை, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் என்ற கருத்தின் விதை இது. இன்றைய கணக்கில், பத்து மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் ஒன்றரை செக்கனுக்குள் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தை அடையும். தென்னைக்குக் கீழே கட்டிலைப் போடாதே என்று மூத்தம்மா சொன்னது சும்மா இல்லை.

அதே நூற்றாண்டில் மேற்கே, அந்தலூசியாவின் சரகோசாவில் பிறந்த இப்னு பாஜா, ஊடகத்தின் தடை ஓட்டத்தைத் தாமதப்படுத்தும் ஒன்றே தவிர ஓட்டம் நடப்பதற்கே அவசியமான ஒன்றல்ல என்று வாதிட்டார். அவர் கருத்தை மறுப்பதற்காக இப்னு ருஷ்த் தமது விளக்கவுரையில் அதை எடுத்தெழுதினார். அந்த விளக்கவுரை லத்தீனுக்குப் போனது. மறுப்பின் வழியாகவே இப்னு பாஜாவின் கருத்து ஐரோப்பாவில் வாசிக்கப்பட்டது. கலிலியோ இளமையில் எழுதியவற்றில் இதையொத்த சிந்தனையைக் காணலாம்.

14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் பூரிடான், எறிந்த பொருளில் பதியும் உந்துதல் தானாகக் குறையாது என்றார். அது பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்றும் சேர்த்தார். இன்று நாம் உந்தம் என்று படிப்பதற்கு மிகவும் கிட்டிய கருத்து. அவர் சொன்ன உதாரணம் நமது கரையோர மக்களுக்கு உடனே விளங்கும். ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துவந்த கப்பலை இழுப்பதை விட்டாலும் அது உடனே நிற்காது. மேல்தட்டில் நிற்பவனுக்குப் பின்னாலிருந்து காற்றுத் தள்ளுவது தெரியாது, முகத்தில் எதிர்க்காற்றுத்தான் படும். துடுப்பை எடுத்த பிறகும் தோணி வழுக்கிக்கொண்டு போவதைக் கண்ட எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்னு ஸீனாவின் மைல் பூரிடானை நேரடியாக எட்டியதா? இதில் வரலாற்றாய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. ஆகவே "திருட்டு" என்ற சொல்லுக்கு இங்கே ஆதாரம் இல்லை. ஒரே கேள்வி கிரேக்கம், அரபு, லத்தீன் என்று கைமாறி வந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

5. அம்புக்குறியை அழித்தவர்கள்

கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டினார். ஒரு சரிவில் இறங்கிய உருண்டை எதிர்ச் சரிவில் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த அது இன்னும் தூரம் ஓடும். முற்றாகத் தட்டையாக்கி, உராய்வையும் எடுத்துவிட்டால்? அது நிற்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக் காவலில் இருந்த நிலையில் 1638இல் அவரது இறுதி நூல் ஹொலந்தின் லைடன் நகரில் அச்சானது. 1644இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், தடையில்லாத பொருள் நேர்கோட்டில்தான் போகும் என்று திருத்தமாகச் சொன்னார்.

1687இல் நியூற்றனின் 'பிரின்சிப்பியா' வெளிவந்தது. அவர் புதிதாகச் செய்தது என்ன? ஓட்டத்தை விசையிலிருந்து பிரித்தார். ஓட்டத்தில் வரும் மாற்றத்தை விசையோடு கணக்காகக் கட்டினார். விழும் பழத்துக்கும் வானத்துச் சந்திரனுக்கும் ஒரே கணக்குப் பொருந்தும் என்று காட்டினார். இந்தக் கணக்கு இப்னு ஸீனாவிடமோ அபுல் பரகாத்திடமோ இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் கண்ணியம் அல்ல.

சுவாரசியமான ஒன்று: பொருள் தன் நிலையிலேயே நிலைத்திருக்கும் தன்மையை, அதாவது சடத்துவத்தை, நியூற்றனும் 'உள்ளுறைந்த விசை' என்ற பொருள்படும் லத்தீன் சொல்லால்தான் குறித்தார். பழைய அம்புக்குறியின் நிழல் அவருடைய சொல்லிலும் ஒட்டியிருந்தது. ஆகவே அதே அம்புக்குறியைப் போட்ட பத்தாம் ஆண்டுப் பிள்ளையை நாம் ஏசத் தேவையில்லை.

6. மீண்டும் தறிக்கு

இப்போது பாவின் நடுவே ஓடும் நாடாவைப் பார்ப்போம். நிறை கீழே இழுக்கிறது, பலகை மேலே தாங்குகிறது. உராய்வும் காற்றும், பின்னால் அவிழும் நூலும் பின்னோக்கி இழுக்கின்றன. முன்னோக்கி எந்த விசையும் இல்லை. ஆனாலும் ஓடுகிறது, ஏனென்றால் பின்னிழுக்கும் விசைகள் சிறியவை, தூரமும் குறைவு. நிற்பதற்கு முன் பெட்டி வந்துவிடுகிறது.

தறியில் வயது போன ஒரு காக்கா எங்களிடம் சொன்னார்: "பலமா அடிச்சி ஓட வெக்கிற இல்ல மகன். மறிக்கிறத எடுத்து உட்டா அது தானா ஓடும்." பலகையை அவர் வழவழப்பாக வைத்திருப்பதன் காரணம் இதுதான். முதலாம் விதி.

நூல் நிறைந்த தார் வைத்த நாடா பாரம் கூடியது, நூல் முடியப் போகும் நாடா இலேசானது. ஒரே மாதிரி இழுத்தால் இலேசான நாடா வேகமாகப் போகும். பழகிய கை அதற்கேற்ப இழுப்பை மாற்றும். இரண்டாம் விதி.

நிறுத்துவதிலும் கணக்கு உண்டு. ஓர் உதாரணத்துக்கு, 400 கிராம் நாடா செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைப்போம். அதன் உந்தம் 1.6. பெட்டிக்குள் பத்தில் ஒரு செக்கனில் மெதுவாக நின்றால் தாக்கும் சராசரி விசை 16 நியூற்றன். கடினமான மரத்தில் மோதி நூறில் ஒரு செக்கனில் நின்றால் 160 நியூற்றன், பத்து மடங்கு. பின்னால் தோலோ துணியோ வைத்து மெத்தென்று ஆக்கினால் நாடாவும் உடையாது, திரும்பித் தெறிக்கவும் மாட்டாது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் போடச் சொல்வதும் இதே கணக்குத்தான். அதன் உள்மெத்தை, தலை நிற்கும் நேரத்தைக் கூட்டுகிறது.

மூன்றாம் விதிக்குக் கரைவலைக்குப் போங்கள். கயிற்றை இழுப்பவர்கள் குதிகாலை மணலில் புதைத்துச் சாய்ந்து இழுக்கிறார்கள். கால் மணலைக் கடல் பக்கமாகத் தள்ளுகிறது, மணல் காலைக் கரைப் பக்கமாகத் தள்ளுகிறது. மணல் தளர்ந்த இடத்தில் ஆள் வழுக்குவார், வலை வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கயிற்றை இழுத்து நாடாவைப் பறக்க விடும் இந்த முறை 1733இல் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜோன் கே என்பவர் காப்புரிமை பெற்றது. 'பிரின்சிப்பியா' வெளிவந்து 46 ஆண்டுகளின் பின். அதற்கு முன் நாடாவை ஒரு கையால் விட்டு மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் அகலமே துணியின் அகலம், கூடினால் இன்னொரு ஆள் தேவை. வேலை போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்களின் எதிர்ப்பையும், அவருக்குரிய பணத்தைக் கொடுக்காத முதலாளிகளையும் சந்தித்த கே, கடைசியில் பிரான்சில் காலமானார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சட்டர்டன் போன்றவர்கள் சேலத்தில் நெசவுச்சாலை வைத்து இந்தத் தறியைப் பரப்ப முயன்றார்கள்.

தறி நமது பாரம்பரியம் என்று சொல்கிறோம், அது உண்மை. நாடாவைப் பறக்க விடும் முறை வெளியிலிருந்து வந்தது, அதுவும் உண்மை. அதை வாங்கியதால் மருதமுனைச் சேலை மருதமுனைச் சேலையாக இல்லாமல் போகவில்லை.

7. நாம் என்ன செய்யலாம்

ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்த உம்மத் நாம். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்தார்களா என்று தேடிய இமாம்கள் நமது முன்னோர்கள். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. விஞ்ஞான வரலாறு என்று வந்தவுடன் மட்டும் அந்தப் பழக்கத்தை நாம் ஏன் கைவிடுகிறோம்?

எங்களுக்குள்ள பயம் இதுதான். இன்று பொய்யான பெருமையை நம்பி வளரும் பிள்ளை, நாளை சம்மாந்துறையில் உள்ள பிரயோக விஞ்ஞான பீடத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ அது பொய் என்று அறியும் நாளில், உண்மையான இப்னு ஸீனாவையும் சேர்த்து எறிந்துவிடுவான். சிரித்த அந்த இரண்டாவது மாணவன் ஏற்கெனவே பாதி எறிந்துவிட்டான். இருவருக்கும் நாம் கொடுக்க வேண்டியது ஒரே விடைதான்: காற்றிலிருந்த காரணத்தைப் பொருளுக்குள் தேடியவர்களின் வரிசையில் நம்மவர்கள் முன்னணியில் இருந்தார்கள். தடை இல்லாவிட்டால் ஓட்டம் நிற்காது என்று இப்னு ஸீனா எழுதினார். காரணமே தேவையில்லை என்ற கடைசி அடியையும் கணக்கையும் வேறு ஊரார் வேறு காலத்தில் வைத்தார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஒரு தறிக்குக் கூட்டிச் செல்லுங்கள். நெசவாளரிடம் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டு, நாடா ஓடுவதைக் காட்டுங்கள். கயிறு தளர்ந்த பிறகும் அது ஏன் ஓடுகிறது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அரிஸ்டோட்டிலின் விடையா, இப்னு ஸீனாவின் விடையா, நியூற்றனின் விடையா வருகிறது என்று பொறுத்திருந்து பாருங்கள்.

அந்தப் படம் மீண்டும் உங்கள் குழுமத்துக்கு வந்தால், அனுப்பியவரை நோகடிக்காமல் இந்தப் பதிவைக் கீழே போடுங்கள். பிழை கண்டால் எங்களுக்குச் சுட்டிக் காட்டுங்கள், திருத்திக் கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.